சித்தி பெட்டியில் இருந்த மொய் நோட்டு

1973-இல் என் தாத்தா ஒரே ஒரு முறை தன் அப்பாவின் ஊருக்குப் போனார். கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறிப் போனவர் மூன்றாம் நாள் காலையில் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் சாகும்வரை அந்த ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாவைக் கேட்டால் "திருச்சிப் பக்கம்" என்பார். திருச்சிப் பக்கம் எங்கே என்றால், "பெரிய ஆராய்ச்சி பண்றான்" என்று எழுந்து போய்விடுவார். 2016-இல் அப்பா இறந்து காரியம் நடந்தபோது, குலதெய்வம் எது, எந்த ஊர் என்று பூசாரி கேட்டார். நான், தம்பி, சித்தப்பா மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

எங்கள் குடும்பக் கதை சுருக்கமாக இதுதான். பூட்டனும் பூட்டியும் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கைக்குப் போனவர்கள். தாத்தா ஹட்டன் பக்கத்து தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தம் மலையகத்து ஆட்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் கோடு விழுந்தது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருந்த பெரியப்பா அங்கேயே இருந்துவிட்டார். தாத்தா, அப்பாயி (அப்பாவின் அம்மா), அத்தை, அப்பா, சித்தப்பா எல்லோரும் 1972-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள், அப்புறம் கோத்தகிரி. அங்கே சிலோன்காரன், இலங்கையில் இந்தியத் தமிழன். பூட்டனின் ஊரில் எங்களுக்கு இன்னொரு பெயர் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆரம்பத்தில் நான் செய்ததெல்லாம் தப்பு. ஆபீஸ் புத்தி. முப்பது கேள்வி தயார் செய்து, சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, "உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்" என்று போட்டேன். ஒரு வாரத்தில் அந்தக் குழு காலை வணக்கமும் முருகன் படமுமாக நிறைந்துவிட்டது. கேள்விகளுக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. ஒரு பங்காளி மட்டும் தனியாகப் போன் செய்து, "என்னப்பா, ஏதாவது சொத்து விஷயமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நம் ஊரில் ஒருவன் தாத்தா பெயரைத் தேடுகிறான் என்றால் பாகப்பிரிவினை வழக்கு போடப் போகிறான் என்றுதான் அர்த்தம். அதனால் யாரிடம் போனாலும் முதல் வாக்கியத்திலேயே, "நிலம் நீச்சு எதுவும் கேட்டு வரலை, பேர் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிவிடுவது நல்லது. அப்படிச் சொல்லியும் நான் ஒரு இடத்தில் மாட்டினேன். அது வரும்.

கூடலூரில் இருக்கும் அத்தைக்கு எழுபத்தேழு வயது. தாயகம் திரும்பியவர்களுக்காக அரசு ஆரம்பித்த டான்டீ தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். வாட்ஸ்அப் கிடையாது. நேரில் போனேன். போன அன்று போனை மேஜையில் வைத்து ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, "சொல்லுங்க அத்தை, தாத்தா எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டேன். அத்தை புடவையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "அதெல்லாம் எனக்கென்ன தெரியும் சாமி, உங்கப்பனுக்குத்தான் தெரியும்" என்றார். ரேடியோ பேட்டிக்கு வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். மறுநாள் மத்தியானம் அவர் அவரைக்காய் நரம்பு எடுத்துக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து நரம்பு எடுத்தேன். பதிவு செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனைக் கூடைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தேன். வருஷம் எதையும் கேட்கவில்லை. "உங்க அப்பாயி எப்படி இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அதற்கப்புறம் ஒன்றே முக்கால் மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை.

"எங்கப்பாயி சொல்லும், ஊர்ல ஆத்துல வெள்ளம் வந்து வீடெல்லாம் போச்சாம். வெள்ளம் வடிஞ்ச கையோட கெளம்பிட்டாங்களாம். வவுத்துல எங்கப்பன். மண்டபத்துல அடைச்சுப் போட்டு, ஊசி கீசி போட்டுத்தான் கப்பல் ஏத்துனாங்களாம். ரத்தாச்சி வருசம் கெளம்புனோம், ரத்தாச்சி வருசம் கெளம்புனோம்னு அதே பாட்டா பாடும்."

ரத்தாச்சி என்றால் ரக்தாட்சி. அறுபது வருஷ வட்டத்தில் அது 1924 சித்திரையில் பிறந்து 1925 சித்திரைக்கு முன்னால் முடிகிறது. 1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது வரலாறு. படிக்காத ஒரு கிழவி பேத்தியிடம் சொன்ன ஒரே ஒரு வருஷப் பெயரை வைத்து, எங்கள் குடும்பம் கடல் கடந்த காலம் ஏறக்குறைய மாதக் கணக்கில் கிடைத்துவிட்டது. ஆறு காவிரி என்பதும் கிடைத்தது. பெரியவர்களிடம் ஆங்கில வருஷம் கேட்காதீர்கள். தமிழ் வருஷம், புயல், வெள்ளம், எந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தது, யார் சாவுக்கு முந்தி, இப்படிக் கேட்டால்தான் நகரும். 1964 தனுஷ்கோடிப் புயலை வைத்தே எங்கள் வீட்டில் நான்கு பிறப்புகளுக்கு வருஷம் பிடித்தேன்.

இன்னொரு சங்கடம். அத்தை தன் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார். மாமா இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் வாயில் வராது. "பழனியில இருக்காரே, அவரு பேரு" என்றார். தண்டபாணியா என்றால் இல்லை என்று தலையாட்டல். பேத்தி உள்ளேயிருந்து, "பழனிச்சாமி, மாமா! அப்பாயிக்கு வெக்கம்" என்று கத்தினாள். மாமனார் பெயருக்கு நாங்கள் பத்து நிமிஷம் விடுகதை போட்டோம். கடைசியில் அதுவும் பேத்திதான் சொன்னாள். இந்த மாதிரி இடத்துக்குப் போகும்போது அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது ரொம்ப உதவி. அவளே இப்போது எனக்கு ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதித் தருகிறாள். கல்லூரி இரண்டாம் வருஷம். அப்பாயியின் குரல் அவளுக்குப் பழக்கம், அதனால் நான் கோட்டைவிட்ட சொற்களையும் பிடித்துவிடுகிறாள்.

போட்டோவைப் பற்றி ஒரு விஷயம். படத்தைக் காட்டி "இது யார்?" என்று கேட்டால் ஒரு பெயர் வரும், அத்தோடு சரி. "இந்தப் படத்துல யார் இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் எடுத்த ஒரு படத்தில் ஏன் பெரியப்பா இல்லை என்று கேட்டேன். அவர் அன்று வேறு தோட்டத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தாராம். அதிலிருந்து படத்தின் வருஷமும், பெரியம்மா வீட்டு வழியும், நடக்காமல் போன ஒரு கல்யாணமும் வெளியே வந்தன. படங்களை நான் எடுத்துப் போவதில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணை வெளிச்சத்திலேயே, ஃபிளாஷ் இல்லாமல், போனில் படம் பிடித்துவிட்டு அங்கேயே கொடுத்துவிடுவேன். "ரெண்டு நாள்ல தர்றேன்" என்று வாங்கிப்போய்த் தராத ஒரு சொந்தக்காரர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவரால்தான் நமக்குப் பெட்டி திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

என் பங்குக்கு நான் செய்த பாவமும் ஒன்று உண்டு. தாத்தாவின் முகாம் குடும்ப அட்டை சித்தப்பாவிடம் இருந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிய ஆரம்பித்திருந்தது. பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று கடையில் கொடுத்து லேமினேட் செய்தேன். ஒரு மடிப்பு உள்பக்கமாகத் திரும்பியபடியே ஒட்டிவிட்டது. முத்திரையின் தேதி சரியாக அந்த மடிப்புக்குள். இனி பிரிக்கவும் முடியாது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். முதலில் படம் பிடியுங்கள், அப்புறம் ஒரு கனமான உறையில் போட்டு ஈரம் படாமல் வையுங்கள், போதும்.

சரி, மொய் நோட்டுக்கு வருகிறேன்.

சித்தப்பாவுக்கு 1979-இல் கோத்தகிரியில் கல்யாணம். நான் அவரிடம் ஆறு தடவை பேசியிருப்பேன், அந்த நோட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மறந்தே போயிருந்தார். அது இருந்தது சித்தியின் டிரங்குப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில். மொய் திருப்பிச் செய்ய வேண்டியது வீட்டுப் பெண்கள் கவலை, ஆகையால் நோட்டைக் காப்பாற்றியது சித்தி. நாற்பது பக்க நோட்டு, மேலே மஞ்சள் தடவி 'லாபம்' என்று எழுதிப் பிள்ளையார் சுழி. ஊர் வாரியாக எழுதியிருந்தது: கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறை. இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், ஒரு எவர்சில்வர் தூக்கு. பதினேழாவது பக்கத்தில் தனியாக ஒரே ஒரு வரி. முசிறித் தாலுகாவில் ஒரு கிராமத்தின் பெயர், அப்புறம் "மருதமுத்து சம்சாரம், ரூ. 11".

இரண்டு ரூபாய்க்கு நடுவில் பதினொரு ரூபாய். எங்கள் ஆட்களிடம் அன்றைக்கு அது பெரிய பணம். சித்திக்கு நினைவிருந்தது. "ஒரு வயசான அம்மா, தனியா பஸ்ல வந்துச்சு. உங்க தாத்தா அதைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு. தங்கச்சி முறைன்னாங்க. நான் புதுப்பொண்ணு, எனக்கென்ன தெரியும்." நாற்பது வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "யாரு கேட்டா?" என்றார்.

உண்மைதான். நான் பங்காளிகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். வம்சம் அவர்கள் வழியாகப் போகிறது என்பதால் விவரமும் அவர்களிடம்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் எனக்குக் கிடைத்த முக்கால்வாசி விவரம் கட்டிக்கொடுத்த பெண்களிடமிருந்தும் கட்டிக்கொண்டு வந்த பெண்களிடமிருந்தும்தான் கிடைத்தது. கட்டிக்கொடுத்தவள் பிறந்த வீட்டை மனசில் தூக்கிக்கொண்டு போகிறாள். வந்தவளோ, யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு வருஷத்துக்குள் பாடம் படித்தாக வேண்டியவள்.

இதற்கிடையில் ஹட்டனில் ஆசிரியராக இருக்கும் பெரியப்பா மகன் ஒரு வேலை செய்தார். அவரிடம் நான் கேட்டது பெரியப்பாவின் காகிதங்களை. அவர் அனுப்பியது தன்னுடைய பிறப்புச் சான்றிதழின் படம், 1975-ஆம் வருஷத்தது. "இதில் பாட்டன் கட்டத்தைப் பாரு" என்று குறிப்பு வேறு. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் நம்மிடம் இல்லாத ஒரு கட்டம் உண்டு. பாட்டன் இலங்கையில் பிறந்தவர் என்றால் அவருடைய முழுப்பெயர், பிறந்த வருஷம், இடம் எழுத வேண்டும். அங்கே எங்கள் தாத்தாவின் பெயரும், தோட்டத்தின் பெயரும், 1926 என்ற வருஷமும் இருந்தன.

அந்தக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1948-இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அப்பன் அந்த மண்ணில் பிறந்தான், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்கள் என்று காட்டச் சொன்னது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த பலருக்குக் காட்டக் காகிதம் இல்லை. தாத்தா எங்கே பிறந்தார் என்று நிரூபிப்பது எங்கள் ஆட்களுக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை, அதில்தான் நாடே போனது. அப்படியிருக்க, கப்பலேற்றி அனுப்பி மூன்று வருஷம் கழித்து, பேரனின் சான்றிதழில் தாத்தா இலங்கையில் பிறந்தவர் என்று அச்சு மாதிரி எழுதியிருக்கிறது.

ஆனால் 1926 சரியா? தாத்தாவின் பாஸ்போர்ட்டில் 1921. அத்தை கணக்கில் கிளம்பும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, அப்படியென்றால் 1924 கடைசியோ 1925-ஓ. சான்றிதழ் அரசாங்கக் காகிதம் என்று அதற்கு மரியாதை கொடுக்கத் தோன்றும். அதில் எழுதியவருக்கு அந்த வருஷத்தைச் சொன்னது யார்? பெரியப்பா, வாயால். நான் மூன்றையும் யார் சொன்னது என்ற குறிப்போடு அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். மனசுக்குள் அத்தை பக்கம்தான்.

தோட்டத்தின் பெயரிலும் குழப்பம் இருந்தது. துரைமார் எழுதிய பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் வேறொன்று. அத்தை சொன்ன பெயரில் எந்த வரைபடத்திலும் தோட்டம் இல்லை. ஹட்டன் அண்ணன், ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளையைப் பிடித்து ஒரே போனில் அதைத் தீர்த்துவிட்டார். நான் அதற்கு இரண்டு மாதம் இணையத்தில் தேடியிருந்தேன்.

முசிறிப் பக்கம் முதல் தடவை நானும் மனைவியும் போனோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை, காரணம் புரியும். டீக்கடையில் விசாரித்தபோது முதல் கேள்வி, "எந்தத் தெரு?" அந்தக் கேள்விக்கு நம் நாட்டில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். குடும்ப வரலாறு தேடுகிறவன் எப்படிச் சுற்றினாலும் ஒரு நாள் அந்தக் கேள்வி முன்னால் போய் நின்றுதான் ஆக வேண்டும். சொன்னேன். கை காட்டினார்கள். போன தெருவில் ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கண்டியான் வகையறாவா?" என்றார். நூறு வருஷத்துக்கு முன்னால் போனவர்களுக்கு அங்கே இன்னும் ஒரு பெயர் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அரை மணி நேரம் நன்றாகத்தான் பேசினார். பூட்டன் பெயரைச் சொன்னார், அவர் தம்பி வழி யார் யார் என்று விரல்விட்டு எண்ணினார். குலதெய்வம் கொல்லிமலை மாசி பெரியண்ணன் என்றார். எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெரியண்ணன் என்று பெயர் வந்துகொண்டே இருந்ததற்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. பாட்டன் பெயரை வைத்துக்கொள்பவன்தானே பேரன். பெயரைக் குறித்துக்கொள்ளப் பையிலிருந்து ஃபைலை எடுத்தேன். அதற்குள் நான் கிளம்புவதற்கு முன் இணையத்தில் எடுத்து வைத்திருந்த வில்லங்கச் சான்றும் சிட்டா நகலும் இருந்தன. ஊரில் எங்கள் பெயர்கள் ஏதாவது வருகிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. பெரியவர் கண்ணில் அது பட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுது தம்பி, பஸ்ஸு பன்னெண்டு மணிக்கு" என்றார். அவ்வளவுதான்.

அதே நேரத்தில் மனைவி கொல்லைப்புறத்தில் இருந்தாள். மருதமுத்து சம்சாரம் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவருடைய மருமகள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவளிடம் சொன்னாராம்: "அந்தத் தாத்தா வந்தப்ப பங்கு கேக்க வந்துட்டாருன்னு திண்ணையிலேயே வச்சுப் பேசி அனுப்பிட்டாங்களாம். எங்க மாமியா மட்டுந்தான் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிச் சோறு போட்டுச்சாம். அந்தக் கோவத்துல அண்ணன் மாருங்க அதோட பேசாம போயிட்டாங்க." 1973-இன் மௌனத்துக்குக் காரணம் அது. முன்பக்கத்துத் திண்ணையில் நான் கிழவரிடம் அதை ஜென்மத்துக்கும் கேட்டிருக்க முடியாது. அந்த அம்மாவின் பெயரையும் மனைவிதான் கேட்டு வந்தாள். மொய் நோட்டில் அவர் வெறும் சம்சாரம். பெயர் அஞ்சலை.

இரண்டாம் தடவை ஃபைல் இல்லாமல் போனேன், அத்தையைக் கூட்டிக்கொண்டு. கூடலூரிலிருந்து வண்டி பிடித்து, வழியில் இரண்டு இடத்தில் தங்கி, மாத்திரை டப்பாவோடு. அத்தை அந்தத் திண்ணையில் உட்கார்ந்ததும் சொத்து, சிட்டா எல்லாம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. "எங்கப்பாயி வெள்ளத்துல போன வீடு எங்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார். கூட்டம் கூடிவிட்டது. சாயங்காலம் கோயில் தலைக்கட்டு வரி நோட்டையே எடுத்து வந்து காட்டினார்கள். யார் யார் எந்த வருஷம் தனித் தலைக்கட்டாகப் பிரிந்தார்கள் என்பது அதில் வரி வரியாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் வரி நோட்டு.

திரும்பி வந்து கிடைத்ததை எல்லாம் ஒரு பெரிய தாளில் வரைந்து, நகல் எடுத்து எல்லா வீட்டுக்கும் அனுப்பினேன். இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. முப்பது கேள்விக்கு ஒரு பதிலும் எழுதாதவர்கள், தாளில் தப்பைப் பார்த்ததும் பொங்கிவிட்டார்கள். "என் பேருல 'ன்' எங்கே?" "அவ மூத்தவ, நான் இளையவ." "அந்த மாமாவுக்கு ரெண்டு தாரம்டா, நீ ஒண்ணுதான் போட்டிருக்க." ஒரே வாரத்தில் நாற்பத்தொரு திருத்தம். தெரியாது என்று கேட்டால் கிடைக்காதது, தப்பாக எழுதிக் கொடுத்தால் கிடைக்கிறது. இரண்டாம் தார விவரத்தை மட்டும் தாளில் ஏற்றவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். என் நோட்டில் இருக்கிறது, அது போதும்.

அத்தைக்குத் தாளை நானே கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேத்தி படிக்கப் படிக்க ஒவ்வொரு பெயருக்கும் விரல் வைத்துக்கொண்டே போனார். மாமா பெயர் வந்தபோது விரல் மட்டும் நின்றது, வாய் அசையவில்லை. மேலே பூட்டன் வரைக்கும் போய்விட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கப்பாயி பொறந்த வீடு எங்கடா?"

பூட்டன் பக்கத்தில் பூட்டியின் பெயர் இருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கட்டம் போட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, இவ்வளவு கதை பேசியும்.

"தொட்டியத்துப் பக்கம்னு அது சொன்ன மாதிரி இருக்கு. பதுளையில எங்க சித்தப்பன் மக ஒருத்தி இருந்தா, அவளுக்குத் தெரியும். உசிரோட இருக்காளான்னு ஹட்டன்ல இருக்கிறவனக் கேளு." போனை எடுத்தேன். அங்கே பள்ளிக்கூட நேரம், மணி அடித்துக்கொண்டே இருந்தது.